என் பேரில் இருந்த கடை

கடை என் பேரில் இருந்தது. கடைக்குள் நான் இருந்தது வருடத்தில் ஒரு நாள், ஆயுத பூசை அன்று மட்டும். 'மீனலோசினி அக்ரோ ஏஜென்சீஸ்' என்று சிவப்பும் பச்சையுமாக எழுதிய போர்டுக்குக் கீழே நின்று வருகிறவர்களுக்குச் சுண்டல் கொடுப்பேன். மற்ற நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் என் வீட்டுக்காரர் சிவராமலிங்கம்.

பூச்சி மருந்து விற்கிற லைசென்ஸுக்குப் பட்டம் வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் வீட்டில் பட்டம் என்னிடம்தான் இருந்தது. பி.எஸ்சி. வேதியியல். கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் எதற்கும் கேட்டதில்லை. அவர் கேட்டபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் பேனாவின் மூடியைத் திறந்து என் கையில் கொடுப்பார், விரலால் இடத்தைக் காட்டுவார், நான் கையெழுத்துப் போடுவேன். அடுப்பில் பால் பொங்கிவிடுமே என்பதுதான் என் கவலையாக இருக்கும்.

போன வருடம் ஒரு கம்பெனி மக்காச்சோளத்துப் படைப்புழுவுக்குப் புது மருந்து இறக்கியது. முதலில் அது நகரவே இல்லை. தண்ணீரைத் தெளித்த மாதிரி இருக்கிறது, புழு அதைக் குடித்துவிட்டு இன்னும் கொழுக்கிறது என்று விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் கடையில் வந்து சத்தம் போட்டார்களாம். பிறகு என்ன மாயமோ, அதே மருந்து எங்கள் கடையில் மட்டும் அள்ளிக்கொண்டு போனது. அவரிடம் காரணம் கேட்டேன். ஒரு லிட்டர் வாங்கினால் ஒரு பாட்டில் கடல்பாசி டானிக் இனாமாகத் தருகிறோம், பயிர் கருகருவென்று வருகிறது, எல்லாம் நம் கைராசி என்றார். நானும் கைராசி என்று நம்பினேன்.

இலக்கைத் தாண்டிய டீலர்களைக் கம்பெனி ஜோடி ஜோடியாகத் தாய்லாந்துக்குக் கூட்டிப் போனது. புக்கெட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சாயங்காலம் கப்பலில் கரையோரமாகவே போய்ச் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு காக்டெய்ல் விருந்து என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. எங்களுடையது சைவ வீடு. காக்டெய்ல் என்றால் பல பழச்சாற்றைக் கலந்து தருவது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

கிளம்பிய காலையில் எங்கள் பெட்டிகளைக் காரில் ஏற்றியது மாரிக்கண்ணன். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஆள். சொந்தக் காடு கிடையாது. அடுத்தவர் காட்டுக்கு மருந்தடித்துக் கொடுப்பதுதான் தொழில். கடைக்கு மருந்து வாங்க வந்தவனைப் பெட்டி தூக்க வீட்டுக்கு அனுப்பியிருந்தார் என் வீட்டுக்காரர். அவர் யாரையும் சும்மா நிற்க விடமாட்டார்.

"கப்பல்லயா மதினி போறிய?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேல்விழியிடம் சொன்னால் நம்பமாட்டாள் என்று சிரித்தான். வேல்விழி அவன் பெண்டாட்டி. "ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க மதினி. அவகிட்ட காட்டணும்."

அவனுக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தேன். அவன் தன் பைக்குள் அதை வைக்கும்போது உள்ளே இரண்டு பழுப்பு நிறப் பாட்டில்கள் தெரிந்தன. பேர் ஒட்டாத பாட்டில்கள். டானிக்காக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் என்று பேர்தானே தவிர அது இரண்டு தட்டு வைத்த படகு. மேல்தட்டில் பாட்டு, ஆட்டம். ஒரு பையன் நாலு புட்டியிலிருந்து நாலு நிறத்தை ஒரே தம்ளரில் ஊற்றிக் குலுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஊரில் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற என் வீட்டுக்காரர் அவன் முன்னாலேயே பழியாய்க் கிடந்தார். கம்பெனி அதிகாரி விஜய்சங்கர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, சார் இல்லாவிட்டால் தென்காசி மாவட்டமே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்களுக்கு ஆரஞ்சுச் சாறு கொடுத்து ஓர் ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். என் பக்கத்தில் புளியங்குடி டீலர் வீட்டம்மா ஷாஹின் பானு. நல்ல பெண். அலை ஆடினால் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

கரை பச்சையாக எங்கள் கூடவே வந்தது. தென்னை, பாறை, அதற்குப் பின்னால் மலை. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்போது என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கம்பி ஓரமாகப் போய்ப் பேசினார். இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார். திரும்பி வந்தபோது என்ன என்று கேட்டேன்.

கடையில் இன்வெர்ட்டர் ரிப்பேராம், குருநாதனுக்கு ஒன்றும் செய்யத் துப்பில்லை என்றார். குருநாதன் எங்கள் கடையில் பதினைந்து வருடமாக நிற்கிறவர்.

பிறகு அவருடைய போனையே என்னிடம் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். சூரியனை உள்ளங்கையில் ஏந்தியிருக்கிற மாதிரி வரவேண்டும். அது லேசில் வரவில்லை. கையை உயர்த்து, இறக்கு, கொஞ்சம் இடது பக்கம் என்று நான் சொல்ல, படகு ஆட, சூரியன் கையை விட்டு நழுவ, மறுபடி எடு மறுபடி எடு என்று அவர் பிடிவாதம் பிடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் ஒன்று சரியாக அமைந்தது. சூரியன் அவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது, அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மாரிக்கண்ணனிடம் இதைக் காட்டலாம் என்று நினைத்தேன்.

சூரியன் தண்ணீருக்குள் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். தினமும் நடக்கிற காரியத்துக்கு எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. போன் என் கையில்தான் இருந்தது. மறுபடி அடித்தது. எடுத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள் குருநாதன் பேசிவிட்டார்.

"அண்ணாச்சி, டாக்டர் மறுபடி கேக்காரு. மாரிக்கண்ணன் வாயில நுரை தள்ளுது. டானிக்குல இருந்தது அந்தப் பழைய மருந்துதான்னு சொல்லிரட்டுமா?"

என்ன பழைய மருந்து என்று கேட்டேன். என் குரலைக் கேட்டதும் மதினியா என்று பதறினார். பிறகு, அழுகிற குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னார். அரசாங்கம் தடை செய்த மருந்து ஒரு டிரம் நிறையக் குடோனில் மிச்சம் கிடந்ததையும், அதைப் பாட்டிலில் ஊற்றி டானிக் என்று கொடுத்ததையும், புழு செத்தது அதனால்தான் என்பதையும் சொன்னார். மாரிக்கண்ணன் டானிக்தானே என்று வெறுங்கையை விட்டுக் கலக்கியிருக்கிறான். டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைந்திருக்கிறது. உச்சி வெயிலில் ஆள் உயரச் சோளத்துக்குள் அடித்துவிட்டுக் காட்டிலேயே விழுந்துவிட்டான். சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் கம்பெனி மருந்துப் பாட்டிலைப் பார்த்த டாக்டர், இதற்கு இப்படி ஆகாதே, கூட என்ன கலந்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அண்ணாச்சியிடம் முதல் போனிலேயே சொல்லிவிட்டேன், அவர்தான் வாயைத் திறக்காதே என்றார் என்று முடித்தார்.

"சொல்லிருங்க" என்றேன்.

"அண்ணாச்சி சொல்லட்டும் மதினி" என்றார் குருநாதன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்து போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார். என்னைக் கீழ்த்தட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கத்தவில்லை. வெளியாட்கள் இருக்கும்போது அவர் கத்தமாட்டார். கரைக்குப் போனதும் நானே பேசிக்கொள்கிறேன், மாரிக்கண்ணன் கல்லுமாதிரி ஆள், தாங்குவான் என்றார். இப்போதே சொல்லுங்கள் என்றேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"கடை யார் பேர்ல இருக்குன்னு தெரியும்லா? சொன்னா உன்னைத்தாம்ட்டி பிடிப்பான்."

பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பயம்தான், வேறென்ன. ஜெயில், பேப்பரில் படம், என் தம்பி பிள்ளைகள் முகம் எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. அவர் என் பயத்தைப் பார்த்துவிட்டார். இனிமேல் இவள் பேசமாட்டாள் என்று முடிவு செய்துகொண்டு மேலே போய்விட்டார். அங்கே விஜய்சங்கர் மைக்கில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பட்டதாரி என்று என்னைக் கல்லாவில் உட்கார வைக்கவில்லை. ஜெயிலுக்குப் போக மட்டும் பட்டதாரியா? அந்த ஆத்திரம்தான் என் பயத்தை அமுக்கியது. நியாயம், தர்மம் என்றெல்லாம் பெரிய வார்த்தை சொல்ல எனக்கு வராது. எனக்கு அப்போது வந்தது கோபம்.

என் போனுக்கு வெளிநாட்டு ரீசார்ஜ் செய்யவில்லை. இரண்டு பேருக்கு எதற்கு என்று அவர் சொல்லியிருந்தார். என்னைத் தேடிக் கீழே இறங்கி வந்த ஷாஹின் பானுவிடம் போனைக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தவள் உடனே கொடுத்தாள். குருநாதன் எண் என் போனில் இல்லை. மாத்திரை வைக்கக் கொண்டுவந்த எங்கள் கடை மஞ்சள் பையில் கடை எண் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து அடித்தேன். கடை செல்போனைக் கையோடு கொண்டுபோயிருந்த குருநாதன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே எடுத்தார். அண்ணாச்சி சொல்லாமல் எப்படி என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

"கடை யார் பேர்ல இருக்கு குருநாதன்?"

"உங்க பேர்ல மதினி."

"அப்ப நான் சொல்லுதேன். அந்த மருந்துதான்னு டாக்டர்கிட்ட இப்பமே சொல்லுங்க. மீனலோசினி சொன்னான்னு சொல்லுங்க."

அவர் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது. எங்களுக்குப் பொழுது விழுந்து இருட்டிக்கொண்டு வந்தது. சங்கரன்கோவிலில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாதனைப் பெண்மணி என்று விஜய்சங்கர் ஒரு கண்ணாடிக் கேடயத்தை என் கையில் வைத்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கை தட்டினார்.

மாரிக்கண்ணனைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனான். விஷயம் தெரிந்ததும் மாற்று மருந்து கொடுத்தார்களாம். இன்னும் கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் குருநாதன் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அது சூரியனைக் கையில் பிடிப்பதற்குப் போனது.

ஊருக்கு வந்த அன்றே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வேல்விழி அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். என் வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டார். லைசென்ஸ் அவள் பேரில் சார், மருந்துப் படிப்புப் படித்தவள் அவள், நான் சும்மா கல்லாவில் இருக்கிறவன் என்றார். கப்பலில் டவரே கிடையாது, கரைக்கு வந்துதான் எனக்கு விஷயமே தெரியும் என்றார். ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னார். குருநாதன் தலையைக் குனிந்துகொண்டு, மதினிதான் போனில் அது அந்த மருந்து என்று சொன்னார்கள் என்றார். அது பொய்யில்லை. அவர் அண்ணாச்சிக்குப் போட்ட போனைப் பற்றிப் பேசவே இல்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான் என்பதால் உண்மை தெரிந்த ஒரே ஆளும் நான்தான் என்று ஆகிவிட்டது.

என் வாக்குமூலம் என்று எழுதிய காகிதத்தை என் முன்னால் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். விரலால் இடத்தையும் காட்டினார்.

நான் பேனாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் காகிதத்தை வாசித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். இதில் ஒன்று விட்டுப்போய்விட்டது என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். சூரியன் விழும் முன்பே இவருக்குப் போன் வந்ததையும், வாயைப் பொத்திப் பேசியதையும், என்னிடம் இன்வெர்ட்டர் என்று சொன்னதையும் சொன்னேன். அவர் போனில் பாருங்கள், இருக்கும் என்றேன். இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் போனைக் கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எங்கள் இரண்டு பேருடைய பேரும் இப்போது கேஸில் இருக்கின்றன. அது நடக்கிறபடி நடக்கட்டும். எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது வேல்விழி கேட்டதுதான். அவள் பெஞ்சிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"முதல் போன் வந்தப்ப நீங்களும் அங்கனதான இருந்திய?"

"ஆமா."

"அதுக்கப்புறம் என்ன செஞ்சிய?"

ஏதாவது நல்லதாகச் சொல்லமுடியுமா என்று தேடினேன். "போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரு உங்ககிட்ட கேட்ட போட்டோவா?"

தலையை ஆட்டினேன். காட்டச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் போனை அவள் பக்கம் தள்ளினார். நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் சூரியனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வேல்விழி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனை என்னிடம் தராமல் என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை.