ஆறு வாரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நாரிச் நகரத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய ஓர் இசைத்தட்டிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. 1970இல் வந்த முதல் ஆல்பம். அந்தக் குழுவுக்குக் கடைசியும் அதுவே. நாட்டுப்பாட்டாகத் தொடங்கும், எலெக்ட்ரிக் கிதார் குறுக்கே புகும், ஆர்கன் நான்கு நிமிடம் விண்வெளிக்குப் போய்விட்டு டீ நேரத்துக்குத் திரும்பிவிடும். கடைசிப் பாட்டில் ஒரே ஒரு வரி மட்டும் கரகரவென்று தேய்ந்திருந்தது. மற்றதெல்லாம் புதுசு.

2

'ரோவீனா பனிமூட்டத்தில் நடந்து' (வேண்டாம். இங்கிலாந்து என்றாலே பனிமூட்டமா?)

'பாடகி ரோவீனாவுக்கு யாரும்' (இதுவும் பாதியில் நிற்கட்டும். குழுவில் நான்கு பேர், வீட்டில் அம்மா. சொல்லத்தான் ஆளில்லை.)

பத்தொன்பது வயதில், கல்யாணமாகாமல், தேவாலய விடுதியொன்றில் பிள்ளை பெற்றாள். ஆறு வாரம் வைத்திருந்தாள். தானே பின்னிய மஞ்சள் கம்பளிச் சட்டையைப் போட்டு, தத்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். வீட்டில் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் அதைப் பாட்டாக்கினாள். ஆனால் பப் எனும் மதுக்கடையின் மாடியில் கூடும் நாட்டுப்பாட்டு மன்றத்தில் பழம்பாட்டுக்குத்தான் மரியாதை. "லிங்கன்ஷைர்ல ஒரு கிழவர் பாடினது, அவர் இப்ப இல்ல" என்று சொல்லிப் பாடினாள். எல்லோரும் நம்பினார்கள்.

3

ஒலிப்பதிவுக் கூடத்தில், 'ஆறு வாரம்' என்று வரும் வரியில், கிதார்காரன் கிளைவ் பாட்டை நிறுத்தினான்.

"உன் கிழவர் தப்பாப் பாடியிருக்கார், ரோ. பழைய பாட்டுல கப்பலேறிப் போனாலும் ஏழு வருஷம், காத்திருந்தாலும் ஏழு வருஷம். அது என்ன ஆறு வாரம்? லீவுக்குப் போனவ மாதிரி."

"பாட்டு அப்படித்தான்."

"மாத்திப் பாடேன். செத்தவர் வந்து சண்டையா போடப்போறார்?"

(இங்கே அவள் அழுவதாக எழுதி, அடித்துவிட்டேன். அழுதால் கிளைவ் டீ போட்டுக் கொடுப்பான். விஷயம் அதோடு முடிந்துவிடும்.)

4

நான் முதலில் யோசித்த முடிவில் அவள் "நான் எழுதினது" என்கிறாள். இசைத்தட்டின் அட்டையில் அவள் பெயர் அச்சாகிறது. பல வருடம் கழித்து அந்தப் பெயரைத் தேடி ஒருத்தி வந்து கதவைத் தட்டுகிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் பெயர் போட்டால் அம்மாவுக்கும் ஊருக்கும் புரிந்துவிடும். தவிர, என்னிடமுள்ள அட்டையில் 'மரபுப் பாடல்' என்றல்லவா இருக்கிறது.

"அட்டையில யார் எழுதினதுன்னு போடறது?" என்றான் கிளைவ்.

"தெரியாதுன்னு போடு. ஆறு வாரத்தை மட்டும் மாத்த மாட்டேன்."

"என்ன பிடிவாதம். என்னமோ நீயே எழுதின மாதிரி."

அவள் தனியாகப் பாடும் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

என் இசைத்தட்டில் தேய்ந்திருந்தது அந்த 'ஆறு வாரம்' வரிதான். யாரோ ஊசியைத் தூக்கித் தூக்கி அங்கேயே வைத்திருக்கிறார்கள். ரோவீனாவின் அம்மாவாக இருக்கலாம். அலமாரியில் ஒரு சின்ன மஞ்சள் சட்டை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். கடையில் விசாரித்திருக்கலாம், எனக்குத் தைரியம் வரவில்லை.

யாரென்று நீங்கள் சொல்லுங்கள். ரோவீனாவுக்கு யாராவது சொல்ல வேண்டும்.