‘இல்லை’ என்று ஓர் உத்தரவு

கடவுளிடம்கூட யாரும் ‘இல்லை’ என்ற பதிலைக் கேட்டு வேண்டிக்கொள்வதில்லை. அந்தத் தையல்காரி நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மனுஷனை, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சீருடைக்காரர்கள் கூட்டிப்போனார்கள். அனுப்பவில்லை. கூட்டிப்போகவே இல்லை என்று பிறகு ஒரேயடியாகச் சாதித்தார்கள். அவள் ஏறி இறங்காத படியில்லை. போன இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். இடுப்பில் இருந்த மகள் கல்லூரிக்கே போய்விட்டாள். மிச்சம் இருந்தது நாட்டின் கடைசி நீதிமன்றம். அவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி அங்கே மனுப் போட்டிருந்தாள்.

“வெளிநாட்டுல மனித உரிமைக் குழு இருக்குக்கா,” என்று வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தாள். “ஆனா உங்க நாட்டுல எல்லாக் கதவையும் தட்டியாச்சான்னுதான் முதல்ல கேப்பாங்க. இங்க கடைசிக் கதவும் சாத்தினாதான் அங்க திறக்கும்.”

“இவங்க சாத்த மாட்டேங்கறாங்களே.”

“தாமதத்தையே காரணமா காட்டலாம். அதுக்குத் தனியா மல்லுக்கட்டணும். கையில தள்ளுபடி உத்தரவு இருந்தா பேச்சே இல்ல.”

நீதிபதி நல்ல மனுஷர். சிக்கலே அதுதான். இவள் முகத்தைப் பார்த்ததும் தள்ளுபடி செய்ய மனசு வராது. இன்னொரு முறை தேடிப் பார்க்கட்டும் என்று வாய்தா போட்டுவிடுவார். அவருடைய இரக்கத்தில் வருஷங்கள் கரைந்தன.

அன்றும் அடுத்த தேதிக்குப் பேனாவை எடுத்தார். இவள் எழுந்துவிட்டாள். வக்கீலம்மா கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

“ஐயா, இல்லைன்னா இல்லைன்னு எழுதிடுங்க. என்னைப் பார்த்துப் பாவப்படாதீங்க. நீங்க பாவப்படப் பாவப்பட அவருக்கு வயசாயிட்டே போகுது.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மனுவைத் தள்ளுபடி செய்து எழுதினார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “தோத்தாச்சுக்கா. இனிமே வழி இருக்கு. இன்னிக்கே எழுத உக்கார்றேன்.”

இவள் தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்டு வாங்கிய ‘இல்லை’தான். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும், இன்றைக்காவது அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள் என்ற நப்பாசையில் தலைவாரிக்கொண்டுதான் போவாள். வக்கீலம்மாவிடம்கூட அதைச் சொன்னதில்லை. அந்த ஒரு வாசலையும் இன்று தன் வாயாலேயே மூடச் சொல்லிவிட்டாள். அவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. வேறொன்றும் வேண்டாம், ஒரு தடவை பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் துணியை விரித்துக் கத்தரியை எடுத்தாள். வருஷத்துக்கு ஒரு சட்டை அவருக்குத் தைத்து வைப்பாள். இந்த வருஷத்துச் சட்டை பாக்கியிருந்தது.

“என்ன அளவும்மா?” என்றாள் மகள்.

ஊராருக்கெல்லாம் நூலிழை பிசகாமல் வெட்டுகிறவள் தயங்கினாள். இந்த வயதுக்குத் தொப்பை விழுந்திருக்க வேண்டும். இருக்கும் இடத்தில் வயிறாரச் சோறு போடுகிறார்களோ என்னவோ.

“பழைய அளவுதான்,” என்றாள். “உள்ள நிறையத் துணி விட்டுத் தைக்கறேன். வந்ததும் போட்டுப் பார்த்துட்டுப் பிரிச்சு விட்டுக்கலாம்.”