டிப்பிட் சாகாத படம்

வெர்னன் டிப்பிட் எந்தப் படத்திலும் பாதியைத் தாண்டி உயிரோடு இருந்ததில்லை. கௌபாய் படமென்றால் முதல் குண்டு அவருக்குத்தான். கொலைக் கதையென்றால் கம்பளத்தில் குப்புறக் கிடக்கும் பிணம் அவர். ஹாலிவுட்டில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை. "நல்லா சாவானே, அந்த ஆளை வரச்சொல்லு" என்பார்கள்.

அவர் பேர் இருந்த ஒரே இடம், படம் முடிந்தபின் திரையில் ஓடும் பட்டியலின் கடைசி வரி. அதை அவர் மனைவி அகஸ்டா ஒருநாளும் பார்த்ததில்லை. புருஷன் செத்த மறுநிமிடமே கைப்பையைத் தூக்கிக்கொண்டு தியேட்டரை விட்டுக் கிளம்பிவிடுவாள். "நீ இல்லாத படத்துல எனக்கென்ன வேலை?" என்பாள். சொல்லிப் பார்க்க வைப்பதில் என்ன பெருமை? தானாக ஒருமுறை அவள் கடைசிவரை உட்கார மாட்டாளா என்று மனுஷர் ஏங்கிப்போனார்.

அதற்கும் வழி பிறந்தது. புதுப்படத்தில் அவர் குதிரைவண்டிக்காரர். காதலர்களை ஏற்றிக்கொண்டு ஊர்போய்ச் சேருகிற கடைசிக் காட்சி வரை சாவே கிடையாது.

வெளியிடுமுன் படத்தைப் பக்கத்து ஊரான பசடீனாவில் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுக்காட்டி, வந்தவர்களிடம் அட்டையில் அபிப்பிராயம் வாங்குவது ஸ்டுடியோ வழக்கம். அந்தப் பிரதியில் பேர்ப்பட்டியல் இன்னும் சேர்க்கப்படவில்லை. அகஸ்டாவும் போயிருந்தாள். திரையில் யாராவது துப்பாக்கியைத் தொட்டால் இவள் கைப்பையைத் தொட்டாள். வெர்னன் சாகவில்லை. மறுபடி தொட்டாள். சாகவேயில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார் வாசலில் காத்திருந்த வெர்னன்.

"எப்ப சாவியோ எப்ப சாவியோன்னு உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். படத்தை எங்க பாத்தேன்? அப்படியே அட்டையில எழுதிக் குடுத்துட்டேன்."

அடுத்த வாரம் இயக்குநர் கெல்சோ கூப்பிட்டனுப்பினார். "யோவ் வண்டிக்காரரே, யாரோ ஒரு மகராசி எழுதியிருக்கா, 'வண்டிக்காரர் எப்ப சாவாரோன்னே உக்காந்திருந்தேன், கொன்னுருந்தா நிம்மதியா அழுதிருப்பேன்'னு. முதலாளிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. வியாழக்கிழமை வந்து செத்துட்டுப் போ."

வெர்னன் நேரே வீட்டுக்கு வந்தார். "என்னைக் கொன்னுட்டியே, அகஸ்டா" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? சாகவிடாம உன் பொழப்பையே புடுங்கிட்டாங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள் அவள். அதற்குமேல் அவரால் கோபப்பட முடியவில்லை.

படம் வெளியானது. இருவரும் சேர்ந்தே போனார்கள். காதலர்களை ஊரில் இறக்கிவிட்டு, கடிவாளத்தைப் பிடித்தபடியே வண்டிக்காரர் சாய்ந்தார். அதுதான் கடைசிக் காட்சி. தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அகஸ்டா வழக்கம்போல எழுந்தாள். ஆனால் வரிசையில் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் நகராமல் அழுதுகொண்டிருந்தார்கள், வழியில்லை. நின்றபடியே திரையைப் பார்த்தாள். கடைசி வரி வந்தது.

மெல்ல உட்கார்ந்தாள். "எல்லாப் படத்துலயும் உன் பேர் வருமா?"

"வரும்."

"இத்தனை வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரிக்காத. அடுத்த ஆட்டமும் பாத்துட்டுப் போலாம்."