நடு சீட்டு

மாமா அடிஸ்கேலைச் சுவரிலிருந்த உலகப்படத்தின் மேல் அழுத்தி, இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பென்சிலால் கோடு இழுத்தார். மற்றவர்களுடைய கோப்புகளில் கோடு இழுத்தே ஓய்வு பெற்ற கை.

“பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். மணிக்குத் தொள்ளாயிரம். விடிகாலை நாலு மணிக்குள்ள உன் தம்பி இங்க இருப்பான்” என்று அக்கா மகளிடம் தீர்ப்பு வழங்கினார். கட்டிலில் கிடக்கும் தன் அக்காவுக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே.

டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். பிள்ளை வரும்வரை அம்மா தாங்குவாளா? வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது ஒன்றுதான்.

மகள் போனை நீட்டினாள். திரையில் குட்டி விமானம் மாமாவின் கோட்டைக் கொஞ்சமும் மதிக்காமல் வடக்கே, பனிப் பிரதேசத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

“ஐயையோ, பைலட்டுக்கு வழி தெரியல!”

“உலகம் உருண்டை மாமா. இப்படி வளைஞ்சு வந்தாத்தான் தூரம் கம்மி.”

உலகம் உருண்டை என்பதை மாமா பள்ளிக்கூடத்திலேயே ஒப்புக்கொண்டவர். அவருடைய அடிஸ்கேல்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மா கண்ணைத் திறந்தாள். “விடுடா. பள்ளிக்கூடம் விட்டா என்னிக்கு அவன் நேரா வீட்டுக்கு வந்தான்?”

சிரித்தாள். சிரிப்பு இருமலானது. மகள் நெஞ்சை நீவிவிட்டாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே தூரம் கூடிக்கொண்டே போனது. பிறகு அடுத்தது வரவில்லை.

விமானம் அப்போது பனிக்கு மேலே இருந்தது.

மாமா ஜன்னலோரம் போய் நின்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தன் போனைத் தட்டத் தொடங்கினார். துக்கம் வந்தால் அவருக்கு அறிக்கை விடத்தான் தெரியும்.

“‘பாசத்தின் சிகரமும் பண்பின் உறைவிடமுமான அன்னையார் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்...’ சரியா இருக்காம்மா? பிளேன்லயே மெசேஜ் போகுமே. அனுப்பிடறேன்.”

“வேண்டாம் மாமா. இறங்கட்டும். நானே போய்ச் சொல்லிக்கறேன்.”

“பெத்த பிள்ளை. தெரிஞ்சுக்க உரிமை இல்லையா?”

“இருக்கு. ஆனா கடைசி நேரத்துல அவனுக்குக் கிடைச்சது நடு சீட்டு. ரெண்டு பக்கமும் யாரோ தூங்குவாங்க. அங்க உட்கார்ந்துக்கிட்டு எப்படி மாமா அழுவான்?”

மாமாவின் கட்டைவிரல் நின்றது. பாசத்தின் சிகரத்தை எழுத்தெழுத்தாக அழித்தார். பிறகு “அக்கா” என்று மட்டும் சொல்லி, கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அடைமொழி ஏதுமில்லாமல் அழுதார்.

மகளின் போன் அதிர்ந்தது. தம்பிதான். ‘அம்மா என்ன பண்றா?’

பொய் எழுத விரல் வரவில்லை.

‘உன்னைப் பத்திச் சொல்லிச் சிரிச்சா.’

‘கிண்டல்தானே?’

‘வேற என்ன?’

‘அப்பாடா. இப்பத்தான் நிம்மதி. கொஞ்சம் தூங்கறேன்க்கா.’

மகள் அம்மாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, தம்பியின் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தாள். அலமாரியிலிருந்து துவைத்த விரிப்பை எடுத்தாள். மாமா மூக்கை உறிஞ்சியபடி பின்னாலேயே வந்தார்.

“அவ்வளவு தூரம் மடங்கி உட்கார்ந்து வர்றான். கொஞ்சம் காலை நீட்டட்டும்” என்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டார், அகலத்தை நீளமென்று நினைத்து.

திருப்பிப் பிடித்து உதறினார்கள். விரிப்பு காற்று வாங்கி, இருவருக்கும் நடுவே ஒருகணம் உப்பி நின்று, மெல்லக் கட்டிலில் இறங்கியது.