சர்க்கரை வால்வு

கண்ணாடிக் குழாய்க்குள் சர்க்கரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இசக்கிமுருகன் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கோவில்பட்டிக்கு வெளியே கரிசல்காட்டுக்கு நடுவில் இருந்த அந்த மருந்துக் கம்பெனியில் அவனுக்கு இதுதான் வேலை. எதிரே ஆளுயரத்தைப் போல் பல மடங்கு உயர்ந்த இரும்புத் தொட்டி. அதற்குள் ஒரு பூசணம் வளர்கிறது. புண் ஆற்றும் மருந்தைச் சுரப்பது அந்தப் பூசணம்தான்.

அவன் வேலைக்குச் சேர்ந்தபோது கெமிஸ்ட் சத்யபிரியா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். "தாராளமா தீனி கெடச்சா இது பாட்டுக்கு வளந்துக்கிட்டே போகும் அண்ணாச்சி. மருந்தே சுரக்காது. இழுத்துப் பிடிச்சுக் குடுத்தாத்தான் மருந்து வரும். பட்டினியும் போட்றக் கூடாது, செத்துரும்."

அன்றிலிருந்து வால்வைத் திருகும்போதெல்லாம் அவனுக்குக் கைக்குழந்தையைத் தூக்குகிற கவனம் வந்துவிடும். எப்போதும்வென்றான் கிராமத்தில் மழையை நம்பி விதைத்த உளுந்து கருகிப்போனதில் வெறுத்து இங்கே வந்தவன். காண்ட்ராக்ட் ஆள்தான். தீபாவளி கழிந்ததும் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் அவன் மனைவி சுடலையம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மூச்சிரைப்புக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மிஷினையும் நிறுத்திக் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். தொட்டியை மட்டும் நிறுத்த முடியாது. ஓடிக்கொண்டிருந்த தொட்டிக்கே வாழைக்கன்று கட்டி, சர்க்கரை வால்வுக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள்.

முதலாளி லிங்கராஜ் பட்டு வேட்டியில் குடும்பத்தோடு வந்தார். தலைமுறை தலைமுறையாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் குடும்பம். மருந்துக் கம்பெனி புதுசு. நல்ல நேரத்தில் எதையும் தன் கையால் தொட்டுத் தொடங்கிவைப்பது அவர் வழக்கம். சூடம் காட்டியதும் கண்ணாடிக் குழாயைக் குனிந்து பார்த்தார்.

"ஏலே, நல்ல நாளும் அதுவுமா என்ன இப்பிடிச் சொட்டுச் சொட்டா விடுத? நெறஞ்சு ஓடட்டும்."

சொல்லிக்கொண்டே வால்வைத் திருகினார். சொட்டு தாரையாகி, குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோக்காரர் படம் பிடிக்கும்போதே இசக்கிமுருகன் பதறிப்போய்க் கையை நீட்டினான்.

"முதலாளி, கூடக் குடுக்கக் கூடாது. மருந்து வராது."

"நீ எனக்குச் சொல்லுதியோ?" முதலாளி அவன் கையைத் தட்டிவிட்டார்.

மேனேஜர் செல்லத்துரை அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக் காதில் சொன்னார்: "ஏ மூதி, முதலாளி கை வச்ச எடத்துல உடனே நீ கை வைப்பியோ? அவிய கார் கேட்டத் தாண்டட்டும். அதுவர தொடாத."

சத்யபிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளியின் மனைவி குங்குமத்தட்டை நீட்டவும் குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

முதலாளி பூசணிக்காய் உடைத்தார். ஒவ்வொருவரையும் பேர் கேட்டுக் கூப்பிட்டுப் பொரியும் இனிப்பும் கொடுத்தார். வெயில் ஏறும்வரை கார் கிளம்பவில்லை. இசக்கிமுருகன் ஓடிவந்து வால்வை மூடியபோது மேலே இருந்த சர்க்கரைத் தண்ணீர்த் தொட்டி பாதிக்குமேல் காலியாகியிருந்தது.

உள்ளே பூசணம் கொழுத்துப்போனது. களியாக இறுகி, கலக்குகிற மோட்டார் திணறியது. சாம்பிள் எடுத்துப் பார்த்தால் மருந்து பேருக்குத்தான் இருந்தது. தேறும் தேறும் என்று பொறுத்துப் பார்த்து, கடைசியில் அத்தனையையும் வடித்துக் கொட்டினார்கள்.

தீபாவளிக்கு முன்னாலேயே அவனை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சத்யபிரியாவும் அங்கே இருந்தாள்.

"வால்வு யாரு பொறுப்பு?" என்றார் செல்லத்துரை.

"என் பொறுப்புதான் சார்."

"அப்ப தொறந்து கெடந்ததுக்கு நீதானல பதில் சொல்லணும்?"

"முதலாளிதானே தொறந்தாவ. மூட வந்தவன நீங்கதானே தொடாதன்னு இழுத்தீய."

"முதலாளி சாமிக்காகத் தொட்டாவ. அது சடங்கு. அதுக்கப்புறம் உள்ளது வேல. வேலைய நீ பாக்கல."

இப்படியும் ஒரு நியாயம் உண்டா? இசக்கிமுருகன் சத்யபிரியாவைப் பார்த்தான். "மேடம், நீங்க அங்கனதானே நின்னீய. ஒரு வார்த்த சொல்லுங்க."

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நான் அப்ப பொரி வாங்கப் போயிருந்தேன்."

பச்சைப் பொய். அவனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றாள்.

"பூசணத்துக்கு எவ்வளவு தீனின்னு இத்தன சூதானமா அளக்குதீய. சாகாமப் பாத்துக்கிடுதீய. என் சோத்துல மண்ணள்ளிப் போட ஒங்களுக்கு யோசனையே வேண்டாம், இல்லியா? எம் பொண்டாட்டிக்கு நான் என்னன்னு சொல்ல?"

"கம்பெனிச் சட்டையையும் பூட்ஸையும் கழட்டி வச்சிட்டுப் போ," என்றார் செல்லத்துரை. "வேற கம்பெனியில விசாரிச்சா நடந்ததச் சொல்லத்தான் செய்வேன். பாத்துக்கோ."

சொந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தான். வரவேற்பு அறையில் எலக்ட்ரீசியன் சாமித்துரை ஏணியில் நின்று ஒரு பெரிய படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, தரை வழுக்குது. ஏணியக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தான். சாமித்துரை படத்தைத் தூக்கிச் சுவரோடு சாய்த்துவிட்டுக் கேட்டான், "நேரா இருக்கா?"

இசக்கிமுருகன் அண்ணாந்து பார்த்தான். சுற்றிலும் கைதட்டுகிறவர்கள். நடுவில் முதலாளி, செவ்வந்தி மாலை போட்ட வால்வில் கை வைத்துச் சிரிக்கிறார். அதை மூட நீண்ட ஒரு கை மட்டும், முழங்கையோடு வெட்டுப்பட்டுப் படத்தின் ஓரத்தில் இருந்தது.

"நேராத்தான் இருக்கு," என்றான்.

சாமித்துரை ஆணியை அடித்து முடிக்கும்வரை அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.