அச்சில் ஏறிய அடி

குந்தாரப்பள்ளிச் சென்னப்பன் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. சேலத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியவன், ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு சிறுவர் மாதப் பத்திரிகையில் கிரேக்கர்களின் டிராய் யுத்தக் கதையை எளிய தமிழில் எழுதத் தொடங்கினான்.

நாலாவது மாதம், அரசர்களும் படையும் கூடிய சபையில் ஒரு சாதாரணப் படைவீரன் எழுந்து பேசும் கட்டம் வந்தது. “சாவது நாங்கள், கொள்ளை உங்களுக்கா?” என்று கேட்கிறான். ஓர் அரசன் அவனைச் செங்கோலால் அடிக்கிறான். படையே சிரிக்கிறது.

மூலக்கதையில் அவன் நொண்டி. பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று சென்னப்பன் இன்னும் கொஞ்சம் சேர்த்தான்: பேசும்போது இடது கண் மூடிக்கொள்ளும், வார்த்தைக்கு வார்த்தை மூக்கை உறிஞ்சுவான். எல்லாம் தன் வீட்டு நிலத்தில் வேலை செய்யும் ராமப்பனிடமிருந்து எடுத்தது. அவனுக்கும் கால் ஊனம். அந்தக் கோடையில், உச்சி வெயிலில் ஆட்களுக்குச் சற்று நிழல் வேண்டும் என்று கேட்டதற்காக, சென்னப்பனின் அப்பா அவனைக் கைத்தடியால் அடித்திருந்தார். அன்று மற்றவர்களோடு சென்னப்பனும் சிரித்தான்.

இதழ் வந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூட்டி வாசித்துக் காட்டினான். ஒரே கும்மாளம். ஒரு பையன் எழுந்து நொண்டிக் காட்டி, “டேய், நம்ம ராமப்பன்டா!” என்று கத்தினான்.

ராமப்பனின் மகள் முனிலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

“சின்னய்யா, அந்தாளு சொன்னது பொய்யா?”

“இல்ல புள்ள, நெசந்தான்.”

“அப்பறம் ஏன் சிரிக்கறாங்க?”

சென்னப்பனுக்குக் காது மடல்வரை சுட்டது. இதழை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்.

நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் ராமப்பன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“தெரியாம எழுதிட்டேன், ராமப்பா.”

சொல்லும்போதே அது பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. ராமப்பனுக்கும் தெரிந்தது.

“ஒங்கப்பாரு அடிச்சது அன்னிக்கே ஆறிப்போச்சு, சின்னய்யா. நீங்க அடிச்சதத்தான் எம் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிச்சிக்கிட்டு இருக்கறா.”

இரண்டு வருஷம் கழித்துக் கதை புத்தகமாக வந்தது. மூடும் கண்ணையும் உறிஞ்சும் மூக்கையும் சென்னப்பன் எடுத்துவிட்டிருந்தான். ‘அன்று சிரித்தவர்களில் பலர் வீடு திரும்பவில்லை’ என்று ஒரு வரி சேர்த்திருந்தான். முதல் பிரதியை முனிலட்சுமிக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டு போனான். அவள் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒனக்குத்தான் புள்ள, மாத்தி எழுதியிருக்கறேன்.”

“கையெல்லாம் மண்ணு, சின்னய்யா” என்றாள், நிமிராமலே. அடுத்த சாலுக்கு நகர்ந்தாள்.

நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் அவன் வெயிலில் நின்றான்.