மணியம்மை நேர்ந்துகொண்ட முடி

டீன் பதவிக்கான உத்தரவு வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. சனிக்கிழமை காலையிலேயே பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் ஏறிவிட்டேன். அம்மாவிடம் நேரில் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அவள் பார்த்தது என் தலையை.

"நாளைக்கே திருத்தணிக்குப் போயிடலாம் லச்சுமி. முடி நேந்துகினு இருக்கறேன்."

"யாரு முடிய?"

"உன்துதான். என் தலையில இன்னா கீது, சாமிக்குக் குடுக்க?"

பக்கத்து அறையில் தம்பியின் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்ததால் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று இன்னொரு தடவை கேட்டேன். சரியாகத்தான் கேட்டிருந்தது. எனக்கு நாற்பத்தைந்து வயது. கணிப்பொறியியல் பேராசிரியை. திங்கட்கிழமையிலிருந்து டீன். என் தலையை என்னைக் கேட்காமலே என் அம்மா மணியம்மை முருகனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"என் முடிய நேந்துக்க நீ யாரும்மா?" என்று கத்தினேன்.

"எண்ணெ தேச்சி வளத்தவ," என்றாள். அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பது போலக் காபி போடப் போய்விட்டாள்.

முடியின் மேல் எனக்குப் பெரிய மோகம் எல்லாம் கிடையாது. பிரச்சினை திங்கட்கிழமை. அன்றுதான் நான் தலைமை தாங்கும் முதல் கூட்டம். முதல் தீர்மானமே என்னுடையது. வெளியூர்க் கல்லூரிகளிலும் கணிப்பொறியியலைப் பட்டப்படிப்பாக நடத்த அனுமதிக்க வேண்டும் என்பது. மெட்ராசுக்கு அனுப்பிப் படிக்க வைக்க மாட்டேன் என்று சொல்லும் வீடுகளில் கெட்டிக்காரப் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எங்கள் ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? அந்தத் தீர்மானத்தைக் கவிழ்க்க இயற்பியல் பேராசிரியர் பாலசுப்பிரமணியன் தயாராக இருந்தார். டீன் பதவி தமக்கு வரும் என்று புதுக் கோட்டே தைத்து வைத்திருந்தவர். "அட்டையில ஓட்டை போடத் தெரிஞ்சவங்க எல்லாம் நிர்வாகத்துக்கு வந்துட்டா எப்படி?" என்று என் காதில் விழும்படியே சொன்னவர்.

அட்டையில் ஓட்டை போட்டேன், உண்மைதான். கணக்கு எம்.எஸ்ஸி. முடித்து விரிவுரையாளராக இருந்த காலத்தில், அறுபத்தெட்டில், பல்கலைக்கழகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. கல்யாணக் கூடம் மாதிரி ஓர் அறை, சுவரோரமாக வரிசையாக இரும்புப் பீரோக்கள், ஓயாத இரைச்சல். துறையில் ஒருவரும் கிட்டே போகவில்லை. டைப் அடிக்கிற மாதிரி வேலைதான், பெண்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். நான் போய் ஒட்டிக்கொண்டேன். அந்த இயந்திரத்துக்கு ஓட்டை போட்டு வேலை சொல்லும் அட்டைகளில் ஒன்று இடம் மாறினாலும் எல்லாம் பாழ்; மறுபடி முதலிலிருந்து. அங்கேதான் பொறுமையைக் கற்றேன், கோபத்தையும் கற்றேன். பத்து வருஷம் கழித்து அது தனித் துறையானபோது, தள்ளிவிட்டவர்களே தலைமைப் பதவிக்கு வரிசையில் நின்றார்கள். நான் இடத்தை விடவில்லை.

அப்படிப்பட்டவள் மொட்டைத் தலையோடு போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? எல்லோரும் முதலில் "திருப்பதியா?" என்று கேட்பார்கள். திருத்தணி என்று ஒரு மலை இருப்பதே இவர்களுக்கு எப்போதும் மறந்துவிடும். அப்புறம் பாலசுப்பிரமணியன் எழுந்து விஞ்ஞானமும் மூடநம்பிக்கையும் என்று அரை மணி நேரம் பேசுவார். தீர்மானத்தை யாரும் பேச மாட்டார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்றது சரிதான். உனக்கு வேணாம். நான் என் தலைய குடுத்துட்டு வரேன். சாமிகிட்ட வாக்கு குடுத்தவ நான்தானே."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சொன்னால் செய்துவிடுவாள். அறுபத்தெட்டு வயதில் இந்தப் பெண் எனக்காக மொட்டைத் தலையோடு தெருவில் நடப்பாள், நான் பின்னலும் பூவுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பேனா? அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். போகட்டும் முடி. மொட்டைத் தலையோடு போகிறேன். பாலசுப்பிரமணியன் அரை மணி பேசினால் நான் ஒரு மணி பேசுகிறேன். தீர்மானம் நிறைவேறாமல் அந்த அறையை விட்டு ஒருவரையும் எழுந்து போக விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைமேல் நல்ல கூட்டம். முடி இறக்கும் இடத்தில் குழந்தைகளின் அலறல். பங்காரு என்ற நாவிதரின் முன்னால் போய் உட்கார்ந்தேன். சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தேய்த்தார். பின்னலை அவிழ்த்துவிட்டதும் முடி முதுகெல்லாம் ஈரமாக ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

"படிச்சவங்களா தெரியறீங்க," என்றார் பங்காரு, கத்தியில் பிளேடு மாட்டியபடி. "இன்னா வேண்டுதலுங்க?"

எனக்கே சரியாகத் தெரியாதே. அம்மாதான் பதில் சொன்னாள்.

"காலேஜில சேர்க்கப்போறேன்னு சொன்னப்போ எங்க அண்ணன் ராஜவேலு வந்து குதிச்சாரு. அவர் புள்ளைக்கு இவளக் கேட்டுகினு இருந்தவரு. 'எவ்ளோ படிச்சாலும் எவனோ ஒருத்தன் மேல உக்காந்து இவள அதிகாரம் பண்ணத்தான் போறான். அது என் புள்ளையா இருந்துட்டுப் போவட்டுமே'ன்னாரு. எனக்கு மனசு ஆறவே இல்ல. அன்னிக்கு இந்த மலைக்கு வந்து நேந்துகினேன். எம்பொண்ணுக்கு மேல ஒருத்தரும் இல்லாத எடத்துல அவ போயி உக்காரட்டும், அன்னிக்கு அவ முடிய உனக்குத் தரேன்னு."

இருபத்தேழு வருஷமாக இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. மாமா மகன் பரசுராமன் பாவாவுக்கு என்னைக் கேட்டதும் மாமா கோபித்துக்கொண்டு போனதும் தெரியும். அதற்குப் பிறகு அம்மா தன் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை என்பதும் தெரியும். என் கண் நிறைந்துவிட்டது. தலையிலிருந்து வழிந்த தண்ணீரோடு அதுவும் வழிந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"இப்போ டீனு ஆயிட்டா. இனிமே மேல யாரும் இல்ல," என்றாள் அம்மா நாவிதரிடம், பெருமையாக. "இல்ல லச்சுமி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் இவ்வளவு காலம் காத்திருந்தவளிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"துணைவேந்தர்னு ஒருத்தர் இருக்காரும்மா. அவருக்குக் கீழதான் டீனுங்க எல்லாரும்."

கத்தி என் நெற்றிக்கு நேராக வந்து நின்றிருந்தது. அம்மா பங்காருவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் உன்ன அதிகாரம் பண்ணலாமா?"

"ஆங். பண்ணலாம்."

"ஒருத்தர் இருக்கறார்ன்ற. அப்புறம் எதுக்கு இங்க வந்து குந்திகினு இருக்கற? எழுந்திரு."

பங்காரு சிரித்துவிட்டார். கூட்டம் என்னையே பார்த்தது. சொட்டச் சொட்ட எழுந்து நின்றேன். அம்மா தன் முந்தானையால் என் தலையைத் துவட்டி, சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல இறுக்கிக் கொண்டை போட்டாள். வலித்தது.

மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். டீன் பதவியோடு நம் ஓட்டம் முடிந்தது, இனி ஓய்வுபெறும்வரை இதைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்திருந்தேன். அந்த நினைப்பை அவள் ஒரே வார்த்தையில் காலி செய்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

"அம்மா, அந்த வேலை கவர்ன்மெண்டு பாத்து போடறது. எங்க யூனிவர்சிட்டில அதுக்குப் பொம்பளைங்கள யோசிச்சதுகூட இல்ல."

"டீனும் பொம்பளைக்குக் குடுக்க மாட்டாங்கன்னுதான் போன பொங்கலுக்கு வந்து அழுதுகினு இருந்த."

பஸ் அடிவாரத்தில் வந்து நின்றது. இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நாளைக்கு அந்த கோட்டுப் போட்டவர் இன்னா சொன்னாலும் விடாத. அத முடிச்சிட்டு, அந்தப் பெரிய வேலைக்கு இன்னா பண்ணணும்னு விசாரி. என்னால மறுபடியும் ஒருவாட்டி மலை ஏற முடியும்."